போலி இறக்குமதி: சுங்கத்துறை உங்களுக்கு என்ன சொல்லும், நீங்கள் அதற்கு என்ன சொல்ல வேண்டும்

கோவையில் பம்ப்செட்டுக்கான மெக்கானிக்கல் சீல் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) தயாரிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் பிராண்டு பெயர், பெட்டி எல்லாவற்றையும் அப்படியே காப்பியடித்த போலி சீல் கடைகளில் கிடைக்கிறது. சீனாவிலிருந்து கன்டெய்னரில் வருவதாக டீலர்கள் சொல்கிறார்கள். இறக்குமதி செய்வது யார் என்று சுங்கத்துறையிடம் கேட்டால் சொல்வார்களா? எங்களுக்கு டிரேட்மார்க் பதிவு இருக்கிறது. அது போதாதா?"

முதலில் நேரடியான பதில். சொல்வார்கள், ஆனால் சரக்கை நிறுத்தி வைத்த பிறகுதான், அதுவும் நீங்கள் எழுதிக் கேட்டால்தான். டிரேட்மார்க் பதிவு மட்டும் போதாது. அந்தப் பதிவைச் சுங்கத்துறையிடம் தனியாக இன்னொரு முறை பதிய வேண்டும். இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சுங்கத்துறை உங்களுக்குத் தருவதை விட நீங்கள் சுங்கத்துறைக்குத் தரும் தகவல்தான் போலியைப் பிடித்துத் தரும். பெரும்பாலான நிறுவனங்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

ஏன் சும்மா கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். ஒருவர் எதை, யாரிடமிருந்து, எவ்வளவு, என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது அவருடைய தொழில் ரகசியம். இறக்குமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி என்ற ஆவணத்தில் அது அத்தனையும் இருக்கிறது. போட்டியாளர் ஒருவர் "அது போலி" என்று வாயால் சொன்னதற்காக அதைத் திறந்து காட்டினால், நாளை உங்கள் கொள்முதல் விவரத்தையும் யாராவது அதே மாதிரி கேட்டு வாங்கிப் போவார்கள். முன்பெல்லாம் இறக்குமதி டேட்டாவை விற்கும் நிறுவனங்களிடம் பணம் கட்டி, எந்தத் துறைமுகத்தில் யார் என்ன இறக்கினார்கள் என்று பார்த்துக்கொள்வது பலருக்கு வழக்கம். 2022 நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுங்கத்துறையிடம் தாக்கலான சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு பற்றிய விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாலும் 8(1)(டி) பிரிவில் வர்த்தக ரகசியம் என்று திருப்பிவிடுவார்கள். ஆகவே டேட்டா வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு வேறு இருக்கிறது.

அந்தக் கதவின் பெயர் அறிவுசார் சொத்துரிமை (இறக்குமதிச் சரக்கு) அமலாக்க விதிகள், 2007. அந்த ஆண்டு மே 8 அன்று அறிவிக்கப்பட்டது. இதன் 9ஆவது விதி தெளிவானது: சரக்கின் விடுவிப்பு நிறுத்தி வைக்கப்பட்ட பிறகு, டிரேட்மார்க் போன்ற உரிமையை வைத்திருக்கும் உரிமையாளர் கேட்டால், துணை ஆணையர் அல்லது உதவி ஆணையர் இறக்குமதியாளரின் பெயரையும் முகவரியையும் தெரிவித்தாக வேண்டும். அதற்கு மேல் சரக்கு பற்றிய மற்ற விவரங்களைத் தருவது அவர் விருப்பம், ரகசியத் தகவலுக்குப் பங்கம் வராத அளவுக்கு. முதல் பகுதி கட்டாயம், இரண்டாம் பகுதி விருப்பம் என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 57ஆவது பிரிவில், வழக்கின் தன்மையை ஆராய்ந்து போலிதான் என்று முடிவான பிறகு இந்தப் பெயர்களைத் தெரிவிக்க நாடுகள் வழி செய்துகொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. நம் விதி அதற்கு முன்பே, சந்தேகத்தில் நிறுத்திய கட்டத்திலேயே தரச் சொல்கிறது. அந்த வகையில் நமக்குக் கிடைத்திருப்பது நல்ல விதி. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

இன்னொரு சட்டம் இருக்கிறது, பல வழக்கறிஞர்களே அதைத் தொடுவதில்லை. 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 140ஆவது பிரிவு. பறிமுதலுக்கு உரிய சரக்கில் போலி முத்திரை இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சுங்க ஆணையர் இறக்குமதியாளரிடம் ஆவணங்களைக் கேட்கலாம். இந்தியாவுக்கு அனுப்பியவர் யார், இந்தியாவில் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற பெயர், முகவரியையும் கேட்கலாம். 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் வரும் அபராதம் சிறியதுதான், அது பயமுறுத்தாது. ஆனால் அப்படிப் பெற்ற தகவலை ஆணையர் டிரேட்மார்க் உரிமையாளருக்குத் தெரிவிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. 9ஆவது விதியில் இறக்குமதியாளர் பெயர் கிடைக்கும். இதில் சீனாவில் அனுப்பியவர் பெயரும், இங்கே கடைசியாக வாங்குகிறவர் பெயரும் கிடைக்க வழியிருக்கிறது. இறக்குமதியாளர் பல சமயம் வேறு ஒருவருக்காகத் தன் ஐஇசி எண்ணை, அதாவது இறக்குமதி-ஏற்றுமதி செய்யத் தேவையான அடையாள எண்ணை, மட்டும் இரவல் கொடுத்தவராக இருப்பார். உங்களுக்கு வேண்டியவர் அவருக்குப் பின்னால் நிற்கிறவர். அதனால் மனு எழுதும்போது 9ஆவது விதியோடு 140ஆவது பிரிவையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

சரி, இதெல்லாம் சரக்கு நின்ற பிறகு. நிற்பது எப்படி?

உங்கள் போலி சீல் துறைமுகத்தில் எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பில் ஆஃப் என்ட்ரியில் "மெக்கானிக்கல் சீல், 8484" என்று ஒரு வரி இருக்கும். 8484 என்பது சுங்க வரிப் பட்டியலில் அந்தச் சரக்குக்கு உரிய எண், முதல் இரண்டு இலக்கம் அத்தியாயத்தைக் குறிக்கும். பிராண்டு பெயர் இருக்கும் இடத்தில் "பிராண்டு இல்லை" என்றோ, எதுவும் இல்லாமலோ இருக்கும். அதே கன்டெய்னரில் இன்னும் பத்துப் பதினைந்து வகை உதிரி பாகம் இருக்கும். சுங்கத்துறையின் கணினியில் இருக்கும் இடர் மேலாண்மை அமைப்பு, சுருக்கமாக ஆர்எம்எஸ், அந்தப் பில்லை எடை போட்டுப் பார்க்கும். சந்தேகக் குறி எதுவும் இல்லையென்றால் பெட்டியைத் திறக்காமலேயே சரக்கு வெளியே போய்விடும். பெரும்பாலான சரக்கு அப்படித்தான் போகிறது, போகவும் வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகம் ஸ்தம்பித்துவிடும்.

இதில் 2020க்குப் பிறகு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முகமறியா மதிப்பீட்டு முறை என்று ஒன்று கொண்டு வந்தார்கள். 2020 ஜூனில் முதல் கட்டமாகப் பெங்களூரிலும் சென்னையிலும்தான் ஆரம்பித்தார்கள், அதுவும் 84, 85 அத்தியாயச் சரக்குகளுக்கு. உங்கள் சீல் அந்த 84இல்தான் வருகிறது. அதாவது சென்னையில் இறங்கும் பெட்டியின் பில்லை மதிப்பிடுகிறவர் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்ப்பவர்தான் இங்கே இருப்பார். முன்பு பலர் செய்தது, ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்குப் போய்த் தெரிந்த அதிகாரியிடம் "சார், எங்க பிராண்டு வந்தா கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வருவது. அது இனி எடுபடாது. ஒரு தனி மனிதரின் நினைவில் இருக்கும் தகவலுக்குப் பயனில்லை. அது கணினிக்குள் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் பதிவு. சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் இதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய். டிரேட்மார்க், பதிப்புரிமை, வடிவமைப்பு, புவிசார் குறியீடு ஆகியவற்றைப் பதியலாம். காப்புரிமை, அதாவது பேடன்ட், ஏன் இதில் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். 30 வேலை நாளுக்குள் ஏற்றார்களா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். ஏற்றால் ஒரு நிரந்தரப் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணோடு உங்கள் தகவல் ஆர்எம்எஸ்ஸுக்குள் போகிறது. ஒரு துறைமுகத்தில் பதிந்தால் நாட்டின் எல்லாத் துறைமுகத்துக்கும் செல்லும். எண் நிரந்தரம் என்றாலும் பதிவுக்குக் காலவரை உண்டு, ஐந்து வருடம் வரை வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எண் வந்துவிட்டது, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று. பதிவு எண் ஒரு தொலைபேசி இணைப்பு மாதிரி. அதில் நீங்கள் பேசினால்தான் மறுமுனைக்கு எதுவும் கேட்கும்.

என்ன பேச வேண்டும்? சரக்குப் பெட்டி நிலையத்தில் பரிசோதனை செய்யும் அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மதியம், தகரக் கூரை, திறந்து கிடக்கும் இருபது அட்டைப்பெட்டி, பக்கத்தில் அவசரப்படுத்தும் கஸ்டம்ஸ் புரோக்கர். அவர் இதற்கு முன் உங்கள் சீலைப் பார்த்ததே இல்லை. கார்பன் வளையம் எது, சிலிக்கான் கார்பைடு வளையம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த நாற்பது பக்கத் தயாரிப்புக் கையேடு எதற்கும் உதவாது. ஒரே ஒரு பக்கம் வேண்டும். இடப்பக்கம் அசல், வலப்பக்கம் போலி, இரண்டும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்த படம். கையில் எடுத்து இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்படியான மூன்று அடையாளம். உதாரணமாக: அசலில் அளவு எண் எஃகு உறையில் லேசரில் பொறித்திருக்கும், நகத்தால் தேய்த்தால் தட்டுப்படும், போலியில் மை அச்சு, ஸ்பிரிட் தொட்டால் அழியும். அசல் பெட்டியின் உள்மடிப்பில் தொகுதி எண் அச்சாகியிருக்கும். போலியில் எல்லாப் பெட்டியிலும் ஒரே எண். அசலின் ஸ்பிரிங் வலப்பக்கம் சுற்றியது. போலியில் இரண்டு மாதிரியும் கலந்து கிடக்கும். உங்கள் பொருளில் அந்த மூன்று எது என்று உங்கள் தயாரிப்புக்கூடத்தில் நிற்கும் ஆளைக் கேளுங்கள். விற்பனை மேலாளரைக் கேட்டால் "தரம் குறைவாக இருக்கும்" என்பார். அதை வைத்து ஒரு அதிகாரி எப்படி ஒரு கன்டெய்னரை நிறுத்துவார்?

படத்தை விட முக்கியமான இன்னொன்று உண்டு. உங்கள் அசல் சரக்கு எந்த வழியாக வருகிறது என்பது. நீங்கள் கோவையிலேயே தயாரிக்கிறீர்கள், எங்கேயிருந்தும் இறக்குமதி செய்வதில்லை, யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்றால், அந்த ஒரு வரியே பெரிய ஆயுதம். உங்கள் பெயர் போட்ட ஒரு சீல் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினாலே சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது என்று ஆகிவிடும். நீங்கள் ஏதாவது ஒரு பாகத்தைச் சீனாவிலிருந்து வாங்கினால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்: எந்தத் தொழிற்சாலை, எந்தத் துறைமுகம், உங்கள் ஐஇசி எண் என்ன. இல்லாவிட்டால் உங்கள் சரக்கே நிற்கும். அப்புறம், கடையிலிருந்து வாங்கிய போலியின் பெட்டியில் கிடைத்ததெல்லாம் தகவல்தான். அட்டையில் இருக்கும் சீன எழுத்து, பேக்கிங் பட்டை, உள்ளே விழுந்து கிடக்கும் பரிசோதனைச் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். தெரிந்த இறக்குமதியாளர் பெயர், வழக்கமாக வரும் துறைமுகம், சரக்கை என்ன பெயர் சொல்லி அறிவிக்கிறார்கள், சந்தையில் என்ன விலை என்று தெரிந்ததை எல்லாம் பதிவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கணினிக்குப் பிடிகொடுப்பது இந்த மாதிரி விவரம்தான்.

ஒரு சின்ன விவரத்தை மறைத்தாலே என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் தகவல் பகிர்வு பற்றி நடந்த பெரிய சண்டைகளில் அதுவும் ஒன்று.

கணினிச் சில்லு, அதாவது ஐசி, மேலே பார்த்தால் ஒரு கறுப்புச் சதுரம். அதன் மேல் பொடி எழுத்தில் நான்கைந்து வரி இருக்கும். தயாரிப்பாளரின் சின்னம், பாக எண், தேதிக் குறி, தொகுதிக் குறி, நாடு. தேதிக் குறியில் 1014 என்று இருந்தால் 2010ஆம் வருடம் 14ஆவது வாரம். போலி செய்கிறவர்கள் பழைய மின்னணுக் குப்பையிலிருந்து சில்லுகளைப் பிடுங்கி, மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதிதாகக் கறுப்புப் பூச்சுக் கொடுத்து, புதிய எண்களை அச்சடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தயாரிப்பாளருக்கு அந்த எண் போதும். அந்தத் தொகுதி எண்ணைத் தன் பதிவேட்டில் தட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு தொகுதியே இல்லை, அல்லது அந்தத் தொகுதி பிலிப்பைன்ஸில் செய்தது, இதில் மலேசியா என்று இருக்கிறது, அல்லது அந்த வருடம் இந்த மாடலையே நிறுத்தியாகிவிட்டது. சில நிமிட வேலை.

2008 வாக்கில் அமெரிக்கச் சுங்கத்துறை ஒரு முடிவுக்கு வந்தது. தேதிக் குறி, தொகுதிக் குறி எல்லாம் இறக்குமதியாளரின் வர்த்தக ரகசியமாக இருக்கலாம், அதை வெளியிட்டால் அதிகாரியே வர்த்தக ரகசியச் சட்டத்தின் கீழ்க் குற்றவாளி ஆகிவிடுவார் என்று. அதனால் தயாரிப்பாளருக்குப் படம் அனுப்பும்போது அந்த எண்களை மறைத்து அனுப்பினார்கள். எதை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியுமோ, சரியாக அதுவே மறைந்துபோனது. சில்லு நிறுவனங்கள் கத்தித் தீர்த்தன.

அதிகாரிகளின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அந்தக் குறியை வைத்துத் தயாரிப்பாளர் இன்னொன்றும் செய்யலாம். சரக்கு அசலாக இருந்து, ஏதோ ஒரு நாட்டு டீலரிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கி இங்கே கொண்டு வந்திருந்தால், அந்த டீலர் யார் என்று கண்டுபிடித்து அவருக்குச் சரக்கு தருவதை நிறுத்திவிடலாம். அசல் பொருளை வேறு வழியில் இறக்குமதி செய்வது அங்கே பொதுவாகச் சட்டப்படி சரி. போலியைப் பிடிப்பதற்குக் கேட்ட தகவலை, நேர்மையான சிறு வியாபாரியை நசுக்கப் பயன்படுத்தலாம் என்ற கவலை நியாயமானது.

தராசு சாய்ந்தது ராணுவத்தின் பக்கம் பிரச்சினை வந்தபோது. அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு 2011இல் விசாரணை ஆரம்பித்து 2012 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ராணுவக் கொள்முதலில் சுமார் 1,800 சந்தேக நிகழ்வுகள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போலி என்று சந்தேகிக்கப்பட்ட மின்னணுப் பாகங்கள். தடம் பிடித்துப் பார்த்த நிகழ்வுகளில் 70 சதவீதத்துக்கு மேல் சீனாவில் போய் நின்றது. விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் பொருத்திய பாகங்கள் அவற்றில் உண்டு. 2011 கடைசி நாளில் கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் மறைக்காத தகவலைப் பகிர வழி செய்தார்கள். 2012 ஏப்ரலில் இடைக்கால விதி, 2015 செப்டம்பரில் இறுதி விதி, 2016 பிப்ரவரியில் தனிச் சட்டப்பிரிவு என்று படிப்படியாக உறுதிப்பட்டது.

அந்த விதியின் வடிவம் எனக்குப் பிடிக்கும். சரக்கை நிறுத்தியதும் முதலில் இறக்குமதியாளரிடம் கேட்கிறார்கள்: இது போலி இல்லை என்று காட்ட உன்னிடம் என்ன இருக்கிறது? 7 வேலை நாள் அவகாசம். அவர் சரியான சான்று கொடுத்துவிட்டால் அவருடைய ரகசியம் வெளியே போகாது. கொடுக்கவில்லை என்றால்தான் மறைக்காத படமும் மாதிரியும் உரிமையாளருக்குப் போகும். பறிமுதல் ஆன பிறகு, 30 வேலை நாளுக்குள் தயாரித்தவர், அனுப்பியவர், இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எல்லாம் உரிமையாளருக்கு வரும். நேர்மையானவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, அதை அவர் விட்டுவிட்டால் அடுத்தவருக்கு முழுத் தகவல். நம் 2007 விதிகளில் இப்படி ஒரு படி இல்லை. எந்த விவரம் ரகசியம், எது இல்லை என்பது அந்தந்த அதிகாரியின் முடிவு. ஒரு துறைமுகத்தில் தாராளமாகத் தருவதை இன்னொன்றில் மறுப்பார்கள். இதை எழுத்தில் ஒழுங்குபடுத்தினால் இரண்டு தரப்புக்கும் நல்லது என்பது என் கருத்து.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புவோம். ஒருநாள் மின்னஞ்சல் வரும்: இன்ன துறைமுகத்தில், உங்கள் பதிவு எண்ணுக்குப் பொருந்தும் சரக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. மூன்று நாளுக்குள் அந்தச் சரக்குக்கென்று தனியாகப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஜாமீனும் கட்ட வேண்டும். பத்திரத்தின் தொகை சரக்கின் மதிப்பில் 110 சதவீதம், ஜாமீன் அந்தத் தொகையில் 25 சதவீதம். சரக்கு 10 லட்சம் என்றால் பத்திரம் 11 லட்சத்துக்கு, ஜாமீன் இரண்டே முக்கால் லட்சம். தவறினால் சரக்கை விட்டுவிடுவார்கள். பத்து வேலை நாளுக்குள் நீங்கள் நடவடிக்கையில் ஒரு தரப்பாக இணைய வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் பத்து நாள் நீட்டிப்பார்கள். அழுகும் சரக்குக்கு மூன்று நாள், நீட்டித்தால் மேலும் நான்கு. நீங்கள் பதிவே செய்யாத நிலையில் அதிகாரி தானாகவே நிறுத்தினாலும், ஐந்து நாளுக்குள் நீங்கள் பதிவு நோட்டீஸும் பத்திரமும் கொடுக்காவிட்டால் சரக்கு வெளியே போகும்.

மும்பையிலோ முந்த்ராவிலோ சரக்கு நின்றால் மூன்று நாளில் என்ன செய்வீர்கள்? யார் போய்ப் பார்ப்பது, யார் கையெழுத்துப் போடுவது, வங்கி உத்தரவாதம் எந்தக் கிளையில் வாங்குவது என்பதை இப்போதே தீர்மானித்து, அதிகாரப் பத்திரத்தையும் இப்போதே எழுதி வையுங்கள். பதிவில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி வேலையை விட்டுப் போன ஊழியருடையதாக இருந்து, அதனாலேயே நின்ற சரக்கு வெளியே போன கதைகள் உண்டு.

8ஆவது விதிப்படி சரக்கை நேரில் பரிசோதிக்க உங்களுக்கும் இறக்குமதியாளருக்கும் உரிமை இருக்கிறது. சோதனைக்கு மாதிரியும் கேட்கலாம். பார்த்துவிட்டு நீங்கள் கொடுக்கும் அறிக்கையில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். "இது எங்கள் தயாரிப்பு அல்ல" என்ற ஒரு வரிக் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அது போதாது. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்த எந்த மாதிரி, அதில் எந்த அடையாளம் எப்படி மாறியிருக்கிறது, உங்கள் தொகுதிப் பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா, இவற்றைப் படத்தோடு எழுதுங்கள். மேல்முறையீட்டில் அதை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். போலி என்று உறுதியானால் சரக்கை அழிக்கும் செலவு, அதுவரைக்கும் சரக்கும் கன்டெய்னரும் தேங்கிக் கிடந்ததற்கான டெமரேஜ், டிடென்ஷன் கட்டணம் எல்லாம் டிரேட்மார்க் உரிமையாளர் தலையில். போலியைக் கொண்டு வந்தவர் கன்டெய்னரைக் கைவிட்டுப் போய்விடுவார், நீங்கள் பில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இது அநியாயம் என்றே நினைக்கிறேன். சிறு நிறுவனங்கள் இந்தப் பக்கமே வராததற்குப் பெரிய காரணம் இதுதான். ஒரு ஆறுதல், அப்படிப் பிடிபட்ட சரக்கை அப்படியே திருப்பி ஏற்றுமதி செய்ய விதி அனுமதிக்காது. வேறு துறைமுகம் வழியாக அது மறுபடி வராது.

இனி, காப்புரிமை ஏன் பட்டியலில் இல்லை என்று பிறகு சொல்வதாகச் சொன்னேனே, அது. 2007இல் காப்புரிமையும் இருந்தது. மதுரையைச் சேர்ந்த ஒருவர் இரண்டு சிம் போடும் செல்போனுக்குக் காப்புரிமை வாங்கி, அதைச் சுங்கத்துறையிடம் பதிந்தார். 2009இல் பெரிய பெரிய நிறுவனங்களின் இரட்டை சிம் போன்கள் துறைமுகத்தில் நின்றன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 2012இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்துவிட்டது. ஒரு முத்திரை போலியா என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லலாம். ஒரு போனுக்குள் இருக்கும் சுற்று ஒருவருடைய காப்புரிமையை மீறுகிறதா என்று சரக்குப் பெட்டி நிலையத்தில் நின்று சொல்ல முடியாது. 2018 ஜூன் திருத்தத்தில் காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு.

அதே திருத்தத்தில் வந்த இன்னொரு கடமை உங்களுக்கும் பொருந்தும். உங்கள் டிரேட்மார்க் ரத்தானாலோ, திருத்தப்பட்டாலோ, நிறுத்தி வைக்கப்பட்டாலோ நீங்களே சுங்கத்துறைக்குச் சொல்ல வேண்டும். தகவல் தரும் பொறுப்பு பாதகமான தகவலுக்கும் உண்டு.

உங்கள் அசல் சீலையே துபாயிலோ கென்யாவிலோ விற்பனைக்கு அனுப்பி, அங்கிருந்து ஒருவர் வாங்கி இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டு வந்தால் அது போலி இல்லை. அதைத் தடுக்க இந்த விதியைப் பயன்படுத்தாதீர்கள். 2012 மே மாதச் சுங்கச் சுற்றறிக்கையும், அதே ஆண்டு அக்டோபரில் சாம்சங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தந்த தீர்ப்பும் அசல் சரக்கை இப்படிக் கொண்டு வருவதற்கு இடம் தருகின்றன. உங்கள் கோபம் நியாயமாக இருக்கலாம், ஆனால் அதற்கு வேறு இடத்தில் தீர்வு தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 608/2013 ஒழுங்குமுறையில், சுங்கத்துறை தந்த தகவலை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதை மீறினால் பதிவை நிறுத்தி வைக்க முடியும். இங்கே அப்படி எழுதி வைக்காவிட்டாலும், ஒருமுறை அசல் சரக்கைப் போலி என்று சொல்லி நிறுத்தினால் அடுத்த முறை உங்கள் புகாரை அதிகாரி நம்ப மாட்டார். பத்திரத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்ட நஷ்டஈடும் உங்கள் மேல் வரும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சரக்கு சீனாவிலிருந்து வருகிறது என்பதால் சொல்கிறேன். இந்தியாவில் இறக்குமதியைத்தான் நிறுத்துகிறார்கள். சீனச் சுங்கத்துறை ஏற்றுமதியையும் நிறுத்தும். அங்கே உங்கள் டிரேட்மார்க் பதிவு இருந்தால் அதைச் சீனச் சுங்கத்தின் தலைமை அலுவலகத்தில் பதியலாம். பத்து வருடம் செல்லும். சந்தேகச் சரக்கு கண்ணில் பட்டால் உங்களுக்குத் தகவல் அனுப்புவார்கள். மூன்று வேலை நாளுக்குள் நிறுத்தச் சொல்லிப் பிணைத்தொகை கட்ட வேண்டும். அதற்கு முதலில் சீனாவில் டிரேட்மார்க் வாங்கியிருக்க வேண்டும். அங்கே முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முன்னுரிமை. உங்கள் பெயரை இந்நேரம் வேறு யாராவது அங்கே பதிந்திருக்கிறார்களா என்று இந்த வாரமே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உடனே 7ஆவது வகுப்பில், ஆங்கில எழுத்திலும் சீன எழுத்திலும், விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஐஸ்கேட் பதிவையும் அதோடு சேர்த்தே தொடங்கலாம், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.